கியூரி அம்மையார் கற்பித்த திறம்

1867-இல் வார்ஸா நகரிற் பிறந்த மேரி கியூரி அம்மையார், தம் தமக்கை பாரிஸில் மருத்துவம் பயிலும்பொருட்டுப் பிறர் மனையில் தங்கிச் சிறார்க்குப் பாடஞ் சொல்லிப் பொருளனுப்பினார். இரவிற் கண்விழித்துத் தாமே பௌதிகமும் கணிதமும் கற்றார். பாரிஸ் செல்லும் பேறு 1891-இல்தான் வாய்த்தது. பின்னர் எய்திய புகழ் யாவரும் அறிந்ததே.

1906-இல் கணவரை இழந்தார். மகள் ஐரீன் பள்ளியறையில் நெடும்பொழுது அடைபட்டுக் கிடத்தலை விரும்பாது, பேராசிரிய நண்பரோடு கூடிப் பத்துச் சிறார் அளவில் ஒரு வகுப்பு நடத்தினார். இரசாயனம் பெரின், கணிதம் லாஞ்சவான், பௌதிகம் அம்மையார். சைக்கிளின் இரும்புக்குண்டுகளை மையில் தோய்த்துச் சாய்பலகையில் ஓடவிட்டு, அவை வரைந்த வளைகோட்டால் வீழ்பொருளின் விதியைச் சிறார் தாமே காணச்செய்தார். சூத்திரங்களை நெட்டுருச் செய்விக்கும் என்போன்றார்க்கு இது நாணந் தருவது.

இரண்டாண்டளவில் வகுப்புக் கலைந்தது. ஐரீன் 1935-இல் தம் கணவரோடு இரசாயன நோபெல் பரிசு பெற்றார். அன்னையார் முந்திய ஆண்டே மறைந்துவிட்டார்.