அறிவியல் அறிஞர் ஜி. என். இராமச்சந்திரன்

வயிற்றில் உறங்கும் சிசுவின் மூளையை இன்று படமாகக் காண்கிறோம். அந்தத் தெளிவுக்கு வழிகோலியவருள் நம்மவர் ஒருவரும் உண்டு. அவரைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

ஜி. என். இராமச்சந்திரன் 1922-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். கணக்கின் சுவையை மகனுக்கு இளமையிலேயே ஊட்டினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர், 1942-இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். சர் சி. வி. இராமன் அவரைத் தம் துறைக்கே இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார். தோலுக்கும் தசைநாணுக்கும் உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து காட்டினார்.

1971-இல் ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் அவர் வெளியிட்ட கட்டுரையே என் நெஞ்சைக் கவர்ந்தது. பல கோணங்களில் ஊடுகதிரைச் செலுத்தினால் கிடைப்பவை வெறும் நிழல்கள். அவற்றை அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினால் உருவம் மங்கும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணக்கால் திருத்திப் பிறகு பரப்பினால் உருவம் தெளியும். கணிப்பொறியின் வேலையும் பெரிதும் குறையும் என்று இருவரும் நிறுவினர். 1973-இல் அமெரிக்கரான லாட்டர்பர் முதல் காந்த அதிர்வுப் படத்தை அமைத்ததும் பல கோணத்து நிழல்களைக் கொண்டே.

சென்ற ஆண்டு இதே ஹைதராபாத்தில், கருவுற்றிருந்த என் அக்காவுக்கு அத்தகைய படம் எடுத்தனர். ஒலியலைச் சோதனையில் சிசுவின் மூளை நீரறை சற்றுப் பெரிதாகத் தோன்றியதே காரணம். அம்மா வாய்திறவாமல் வெளியே அமர்ந்திருந்தாள். உள்ளே பிள்ளை புரண்டது. சில படங்கள் கலங்கின. அசையாதிரு என்று கருவுக்குக் கட்டளையிட யாரால் முடியும்? ஆகவே ஒவ்வொரு துண்டுப் படத்தையும் நொடிப்பொழுதில் பிடிக்கிறார்கள். இடம் பெயர்ந்த துண்டுகளைக் கணிப்பொறியால் பொருத்தி முழு மூளையாக்கும் முறையும் வளர்ந்துள்ளது. அன்று தெளிவான படங்கள் போதிய அளவு கிடைத்தன. மருத்துவரின் ஐயம் தீர்ந்தது. அம்மா அழுதாள்.

துண்டுகளைப் பொருத்தும் கணக்கு வேறு, இராமச்சந்திரனின் கணக்கு வேறு. ஆனால் கருவியைப் பெருக்காமலே, கிடைத்த குறிப்புகளிலிருந்து கணக்கால் தெளிவைக் கறக்கலாம் என்னும் எண்ணம் இரண்டுக்கும் பொது.

2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். கணக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணும் மாணவ நண்பர்கள் அவர் வாழ்வை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்!