பிடி அரிசி வளர்த்த பெருந்தலைவர்

1903 சூலை 15 அன்று விருதுநகரில் பிறந்த காமராசர் பயின்ற சத்திரிய வித்தியாசாலை, நாடார் சமூகத்தாரின் கொடையால் வளர்ந்த பள்ளியாகும். வணிகர்தம் மகமையும், உலையிலிடுமுன் இல்லந்தோறும் பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியும் அங்கே வகுப்பறைகளாயின; பிள்ளைகள் கட்டணமின்றிப் பயின்றனர். ஆயினும், இளமையிலேயே தந்தையை இழந்த அச்சிறுவர், குடும்பச் சூழலால் ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டு மாமனின் துணிக்கடைக்குச் சென்றார். கொடை பள்ளியைக் காத்தது; மாணவனின் வீட்டு இடரைக் களைய அதனால் இயலவில்லை.

1954-இல் முதலமைச்சரான பின்னரும் இவ்விரண்டையும் அவர் மறந்தாரல்லர் என்றே நாம் கருதுகிறோம். 1956-இல் ஊரார் உதவியோடு பள்ளிகளில் மதிய உணவு தொடங்கிற்று. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958 முதல் நடைபெற்றன. கரும்பலகை, மேசை, நாற்காலி, நிலம் என இயன்றதை மக்கள் தம்மூர்ப் பள்ளிக்கு ஈந்தனர். ஈந்தவர்க்கு அப்பள்ளி தம்முடையதாயிற்று.

1975 அக்டோபர் 2 அன்று அவர் மறைந்தார். அள்ளித்தரும் செல்வர் ஒருவர்க்காகக் காத்திராமல், கிள்ளித்தரும் பலர் கூடினால் வகுப்பறை எழும். அதனுள் அமரும் பிள்ளை உண்டதா எனக் கேட்டறிவதும் நம் கடனே.