நூலே ஆசானாய் மொழி பயின்ற ராஸ்க்

தாயகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மனோர்க்கு மொழியைப் பற்றிய கவலை ஓயாத கவலையாகும். நம் குழந்தைகள் வீட்டில் ஒரு மொழியும், தெருவில் ஒரு மொழியும், பள்ளியில் பிறிதொரு மொழியும் பயில்கின்றனர். தமிழைக் கற்பிக்க அருகில் பள்ளி இல்லையே, ஆசிரியர் இல்லையே என்று பெற்றோர் பலர் ஏங்குகின்றனர். இவ்வேக்கம் உடையோர் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. அது டென்மார்க்கு நாட்டு மொழியறிஞர் ராஸ்முஸ் ராஸ்க் என்பாரின் வரலாறு. ஆசிரியர் இன்றி நூலைக்கொண்டே மொழி கற்றவர் அவர். அழியுமோ என்று அஞ்சிய ஒரு மொழிக்காகச் சங்கம் கண்டவரும் அவரே.

தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலியன ஒரு குடும்பத்து மொழிகளாதல் போல, ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, டேனிஷ், சுவீடிஷ், ஐஸ்லாந்து மொழி முதலியன ஜெர்மானியக் குடும்பத்தைச் சார்ந்தவை. இவற்றுள் டேனிஷே ராஸ்க்கின் தாய்மொழி. அவர் 1787-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள், ஃப்யூன் தீவில் ஓடென்சே நகருக்கு அண்மையிலுள்ள பிரெண்டெகில்டே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சிறிதளவு நிலம் உடையவர். தையல் தொழிலும் செய்து குடும்பத்தைக் காத்தார். செல்வம் இல்லாத வீடாயினும் பிள்ளையின் கல்விக்குத் தடை நேரவில்லை. 1801-இல் ஓடென்சே நகரத்து லத்தீன் பள்ளியில் ராஸ்க் சேர்ந்தார்.

அப்பள்ளியில் அவரது ஊக்கத்தைப் பாராட்டி ஒரு நூலைப் பரிசாக அளித்தனர். அப்பரிசே அவர் வாழ்வின் போக்கை வகுத்தது எனலாம். அந்நூல், நார்வே நாட்டு மன்னர் வரலாறுகளைப் பழைய ஐஸ்லாந்து மொழியில் கூறும் ஹைம்ஸ்கிரிங்லா என்பது. மூலத்துடன் டேனிஷ் மொழிபெயர்ப்பும் லத்தீன் மொழிபெயர்ப்பும் அதில் இடம்பெற்றிருந்தன. ராஸ்க்கிடம் ஐஸ்லாந்து மொழிக்குரிய இலக்கணமும் இல்லை, அகராதியும் இல்லை, கற்பிப்பாரும் இல்லை. எனினும் அவர் சோர்ந்தாரில்லை. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டுப் படித்தார். ஒரு சொல் எங்கெங்கே வருகிறது, அதன் இறுதி எவ்வெவ்வாறு திரிகிறது என்று குறித்துக்கொண்டார். குறிப்புகள் பெருகப் பெருக, சொற்பட்டியலும் இலக்கணமும் அவர் கையாலேயே உருவாயின.

நாம் இங்கே ஒன்றை உற்று நோக்கவேண்டும். பிறர் இலக்கணம் கற்று அதன்பின் நூலைப் படிப்பர். ராஸ்க் நூலைப் படித்து அதிலிருந்து இலக்கணத்தைக் கண்டார். அறிந்த மொழியைக் கைவிளக்காகக் கொண்டு அறியாத மொழிக்குள் புகுவது அவர் முறை.

பின்னர்க் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், அங்குள்ள நூலகத்தில் பணியும் பெற்றார். 1811-இல் அவரது ஐஸ்லாந்து மொழி இலக்கணம் அச்சேறியது. அதுவரை அவர் ஐஸ்லாந்து மண்ணில் கால் வைத்ததே இல்லை. ஃபாரோ தீவினர் பேசும் மொழிக்கும் அந்நூலின் ஒரு பகுதியில் இலக்கணம் வகுத்திருந்தார். அம்மொழிக்கு எழுந்த முதல் இலக்கணம் அதுவே.

1813-இல் ராஸ்க் ஐஸ்லாந்துக்குக் கப்பலேறினார். 1815 வரை அங்கே தங்கினார். ஏட்டில் கண்ட மொழியை மக்கள் நாவில் கேட்டு மகிழ்ந்தார். ஆயினும் அம்மகிழ்ச்சியோடு ஒரு துயரும் கலந்தது. ஐஸ்லாந்து அந்நாளில் டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. நாட்டு மக்கள் தொகை 50,000-க்கும் குறைவு. ரெய்க்யவிக் நகரில் வணிகமும் அலுவலும் டேனிஷ் மொழியில் நடந்தன. நகரத்தார் பேச்சில் அம்மொழி மிகுதியாகக் கலந்தது. இந்நிலை நீடித்தால் நூறு ஆண்டுகளில் அந்நகரத்தில் ஐஸ்லாந்து மொழியை அறிவோர் அரியராவர் என்றும், மேலும் இருநூறு ஆண்டுகளில் நாடு முழுவதிலுமே அது வழக்கொழியும் என்றும் அவர் அஞ்சினார். தம் அச்சத்தை 1813-இல் ஒரு நண்பருக்கு ஐஸ்லாந்து மொழியிலேயே மடலாக எழுதினார்.

ஆளும் நாட்டைச் சார்ந்த ஒருவர், ஆளப்படும் சிறு நாட்டின் மொழிக்காக வருந்தியது அவர் உள்ளத்தின் உயர்வைக் காட்டும். வருந்தியதோடு அவர் அமைந்துவிடவில்லை. 1816-இல் ஐஸ்லாந்து இலக்கியச் சங்கம் தோன்ற முன்னின்று உழைத்தார். ரெய்க்யவிக்கில் ஒரு கிளையும், தாயகம் விட்டு வந்த ஐஸ்லாந்தியர் வாழ்ந்த கோபன்ஹேகனில் ஒரு கிளையுமாக அச்சங்கம் அமைந்தது. கோபன்ஹேகன் கிளைக்கு முதல் தலைவர் ராஸ்க்கே. நூல்களை அச்சிட்டுப் பரப்புவது அதன் தலையாய பணி. 1827-இல் அச்சங்கம் தொடங்கிய ஸ்கீர்னிர் என்னும் இதழ் இன்றும் வெளிவருகிறது.

ஐஸ்லாந்தில் தங்கியிருந்தபோதே ராஸ்க் தம் பெருநூலையும் எழுதி முடித்தார். பழைய வடநாட்டு மொழியின் தோற்றம் பற்றி டென்மார்க்கு அறிவியற் கழகம் நடத்திய போட்டிக்கு எழுதப்பெற்ற அந்நூல் பரிசு பெற்று 1818-இல் வெளிவந்தது. தந்தையைக் குறிக்கும் லத்தீன் சொல் பாதெர். ஐஸ்லாந்துச் சொல் ஃபாதிர். கொம்பைக் குறிக்கும் லத்தீன் சொல் கொர்னு. ஐஸ்லாந்துச் சொல் ஹோர்ன். முன்னதில் பகர ஒலி ஃபகரமாகவும், பின்னதில் ககர ஒலி ஹகரமாகவும் மாறியுள்ளன. இம்மாற்றங்கள் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டவை என்பதை ராஸ்க் எடுத்துக்காட்டினார். ஜெர்மானிய அறிஞர் யாக்கோப் க்ரிம் 1822-இல் இவ்வுண்மையை விரிவாக வகுத்துரைத்தார்; அதனால் இன்று அது க்ரிம் விதி எனப்படுகிறது. அவ்விதிக்கு வித்திட்டவர்களுள் ராஸ்க் முதன்மையானவர் என்பதை மொழிநூலார் மறந்திலர்.

அந்நூலில் அவர் கூறிய கருத்தொன்று நமக்கும் பொருந்தும். சொற்கள் வாணிபத்தாலும் பழக்கத்தாலும் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் குடிபுகும். ஆனால் இலக்கண அமைப்பு அவ்வளவு எளிதாகக் கைமாறுவதில்லை. ஆகவே மொழிகளின் உறவைத் துணிய அமைப்பையே முதலில் நோக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. நம் வீட்டுச் சிறுவன் பஸ்ஸில் போனேன் என்கிறான். பஸ் என்பது வந்தேறிய சொல். இல் என்னும் உருபும் போனேன் என்னும் வினைமுற்றும் தமிழே. அவையும் நழுவும் நாளே நாம் அஞ்சவேண்டிய நாள்.

1816 முதல் 1818 வரை ஸ்டாக்ஹோமில் தங்கிய ராஸ்க், ஆங்கிலத்தின் பழைய வடிவமாகிய ஆங்கிலோ சாக்சனுக்கு 1817-இல் இலக்கணம் எழுதினார். அம்மொழி பேசுவோர் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தமையால், நூலன்றி வேறு ஆசான் அதற்கு இருத்தல் இயலாது. பிற்காலத்தில், 1825-இல், பழைய சட்ட நூல்களில் நிலைத்திருந்த ஃபிரீசிய மொழிக்கும் இலக்கணம் வகுத்தார்.

பின்னர் அவர் ருஷ்யா, காகசஸ், பாரசீகம் ஆகியவற்றின் வழியே 1820-இல் பம்பாயை வந்தடைந்தார். பார்சி மக்களிடையே அவர்தம் மறைமொழியை ஆராய்ந்தார். இந்தியாவினூடே பயணம் செய்து இலங்கையையும் அடைந்தார். சிங்கள எழுத்து முறை பற்றி அவர் எழுதிய நூல் 1821-இல் கொழும்பில் அச்சாயிற்று. நம் தரங்கம்பாடியும் அந்நாளில் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இப்பயணத்தில் கப்பல் உடைந்த இடரும் அவருக்கு நேர்ந்தது. உடல்நலமும் மனநலமும் குன்றின. 1823-இல் அரிய ஏட்டுச் சுவடிகளோடு அவர் தாயகம் திரும்பினார்.

தாயகத்தில் அவர் எதிர்பார்த்த பதவி எளிதில் கிட்டவில்லை. கீழ்நாட்டு மொழிப் பேராசிரியர் பதவி 1831-இல்தான் வாய்த்தது. அதனை அவர் நெடுநாள் நுகரவில்லை. 1832-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், காசநோயால் கோபன்ஹேகனில் காலமானார். நாற்பத்தைந்தாம் வயது நிறைவதற்கு எட்டு நாட்களே எஞ்சியிருந்தன.

அவர் அஞ்சிய நூறு ஆண்டுகள் கடந்து, மேலும் நூறு ஆண்டுகளுக்குமேல் சென்றுவிட்டன. ஐஸ்லாந்தின் மக்கள் தொகை இன்றும் ஏறத்தாழ 4 லட்சமே. எனினும் ரெய்க்யவிக் தெருக்களில் ஐஸ்லாந்து மொழி ஒலிக்கிறது. பள்ளியிலும் ஆட்சிமன்றத்திலும் அதுவே வழங்குகிறது. அம்மக்களின் உறுதியே இதற்கு முதற் காரணம். அவ்வுறுதிக்குத் துணைநின்றவற்றுள் அச்சங்கமும் ஒன்று.

நம் காலனியில் ஆசிரியர் இல்லை என்னும் குறை இருக்கலாம். நூல் இல்லை என்னும் குறை இருக்கக் கூடாது. குழந்தை நன்கறிந்த மொழியில் ஒரு கதையையும், அதே கதையைத் தமிழிலும் அருகருகே வைத்து, நாள்தோறும் ஒரு பக்கமேனும் பெற்றோர் உடனிருந்து படிப்பிப்பார்களாக. பிறந்த நாளுக்கும் தேர்ச்சிக்கும் அளிக்கும் பரிசுகளில் ஒரு தமிழ் நூலும் இடம்பெறுமாக. ஓடென்சே பள்ளியார் ஓர் ஏழைச் சிறுவனுக்கு அளித்ததும் ஒரு நூலே அன்றோ!