மலர் கொய்யாத கை

திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர்க்கும் இங்குப் படிக்க வந்தவர்க்கும் மலைக்கோட்டை கண்ணில் படாத நாளில்லை. அம்மலையில் வீற்றிருக்கும் இறைவன் தாயுமானவர். அப்பெயரைத் தாங்கிய மனிதர் ஒருவரும் இவ்வூரில் வாழ்ந்தார். உச்சிப்பிள்ளையாரைக் காணப் படியேறும் நண்பர்கள் சிலர் இவ்விருவரையும் ஒருவராகவே எண்ணிக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். நான் எழுதப் புகுவது அம்மனிதரைப் பற்றி.

முன்னோர் ஊர் வேதாரணியம். தந்தை கேடிலியப்பர்; தாய் கெசவல்லி அம்மையார். மூத்த மகன் சிவசிதம்பரத்தைத் தம் தமையனாருக்குத் தத்துக் கொடுத்துவிட்ட கேடிலியப்பர், நாயக்கர் அரண்மனையில் பொறுப்பேற்றுத் திருச்சிக்கு வந்தார். மலைமேல் இறைவனை வேண்டிப் பெற்ற இரண்டாம் பிள்ளைக்கு அவன் பெயரையே இட்டனர். காலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம். 1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாதர் அப்போது அரசர். திருவரங்கம் கோயிலுக்குள் குடும்பத்தோடு கைகூப்பி நிற்கும் அவருடைய சிலைகளை நம்மில் பலர் பார்த்திருப்போம். தந்தை மறைந்தபின் அவருடைய பதவி மகனுக்கு வந்தது.

அரண்மனைப் பதவி! இன்றைய வழக்கில் அரசாங்க உத்தியோகம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். இத்தகைய வீடுகளில் அச்சொல்லுக்கு உள்ள எடையை என் போன்ற மாணவர் நன்கறிவர். ஆகவே, தாயுமானவர் பதவியைத் துறந்து ஞானியானார் என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை என் மனம் ஏற்பதில்லை. அவர் ஒரு நாளில் துறந்துவிடவில்லை. மலைக்கோட்டையில் மௌனகுருவைக் கண்டு, எல்லாவற்றையும் விட்டு அவர் பின்னே செல்லத் துடித்தார். குருவோ இல்லறத்தில் இருக்கும்படியும், உரிய காலத்தில் தாமே வருவதாகவும் கூறித் திருப்பி அனுப்பிவிட்டார். ஓலையும் கணக்குமாகவே பின்னும் பல நாள்கள் கழிந்தன. துறவினும் இக்காத்திருப்பே கடினமானது என்பது என் எண்ணம்.

அந்நாள்களைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்றுண்டு. அரசவையில் முக்கியமான ஆவணமொன்றை அவர் கையால் கசக்கித் தேய்த்தாராம். அவையோர் திகைத்தனர். திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் ஆடையில் பற்றிய தீயைத் தாம் அணைத்ததாக அவர் சொல்ல, விசாரித்தபோது அது மெய்யாயிருந்ததாம். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். உடல் அலுவலகத்திலும் உள்ளம் வேறோரிடத்திலும் இருந்த ஒருவரை ஊரார் எப்படி நினைவில் வைத்தனர் என்பதே எனக்கு வேண்டுவது.

அரசர் மறைந்தபின் மீனாட்சி அரசியார் பொறுப்பேற்றார். அவர் இவர்மீது விருப்பம் கொண்டதாகவும், அதனால் இவர் ஊரைவிட்டே அகன்றதாகவும் வரலாறு கூறுவர். பின்னர்த் தமையனாரின் வற்புறுத்தலால் மட்டுவார்குழலியை மணந்தார். கனகசபாபதி என்னும் மகன் பிறந்தான், மனைவியார் மறைந்தார். அதன்பிறகே குரு வாக்களித்தபடி வந்து துறவளித்தார்.

அவர் பாடியவை ஏறத்தாழ 1,450 பாடல்கள். அவற்றுள் என்னை உலுக்கியது கருணாகரக்கடவுள் என்னும் பகுதியில் வரும் ஒரு கருத்து. பூசைக்குப் பூப்பறிக்கச் செல்கிறார். பனி துளிர்த்த மலருக்குள் இறைவனே இருப்பதைக் காண்கிறார். யாரைப் பறித்து யாருக்குச் சாத்துவது? கை எழவில்லை. தாவரவியல் மாணவனாகிய நான் செய்முறை வகுப்பில் செம்பருத்தியைப் பிளேடால் அரிந்து சூலறைகளை எண்ணுகிறேன். மதிப்பெண் அதற்குத்தான். இவ்விரண்டு கைகளுக்கும் இடையே உள்ள தூரம் என்னை விடாமல் உறுத்துகிறது.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, அமெரிக்காவில் மாசசூசெட்சு மாநிலத்துக் கான்கார்டு என்னும் சிற்றூரில் இதே வழியில் சிலர் சிந்தித்தனர். எமர்சன் 1836இல் இயற்கை என்ற பெயரில் நூலொன்றை வெளியிட்டார். மரமும் வானும் பரம்பொருளை உணர்த்தும் குறிகள் என்பது அதன் சாரம். அவர் நண்பர் தோரோ, ஆர்வர்டில் பட்டம் பெற்றவர். மாணவரைப் பிரம்பால் அடிக்க மனமின்றி, கிடைத்த ஆசிரியர் வேலையை இரண்டே வாரத்தில் விட்டவர். 1845 சூலை 4 முதல் இரண்டாண்டுக்கு மேல் வால்டன் குளக்கரையில் தாமே கட்டிய குடிலில் வாழ்ந்தார். இருவரும் கீதையை மொழிபெயர்ப்பில் படித்தவர்கள். அவ்வட்டாரக் குளங்களின் பனிக்கட்டி அந்நாளில் கப்பலேறி நம் சென்னைக்கு வந்தது. அதைச் சேமிக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். சென்னை மக்கள் தம் குளத்து நீரைப் பருகப் போவதை எண்ணித் தோரோ எழுதி மகிழ்ந்தார்.

ஆயினும் இவர்களும் தாயுமானவரும் ஒன்றே என்று சொல்லிவிட நான் துணியேன். எமர்சனுக்கு மலர் ஒரு படிக்கட்டு. அதில் ஏறி அப்பால் செல்கிறார். தாயுமானவருக்கு மலரே கருவறை. தோரோ மலரைப் பறித்தார்! தொப்பிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, உலர்த்தித் தொகுத்தார். எந்தச் செடி எந்த நாளில் பூத்தது என்று 1850களில் அவர் எழுதிய குறிப்புகளை இக்காலத்துத் தாவரவியலார் ஒப்பிட்டுப் பார்த்து, புவி வெப்பமாதலால் அங்குச் செடிகள் முன்னதாகவே பூத்துவிடுவதைக் கண்டறிந்துள்ளனர். அவர் பறிக்கவும் குறிக்கவும் இல்லையென்றால் இவ்வறிவு நமக்கு ஏது? நான் தோரோவின் பக்கம் சாய்வது இங்கேதான். பிறவுயிர் படும் துன்பத்தைத் தன் துன்பமாய் உணரும் உள்ளம் வேண்டுமெனத் தாயுமானவர் இறைஞ்சியதை நினைக்கும்போது மறுபக்கம் சாய்கிறேன்.

இறுதிக் காலத்தை அவர் இராமநாதபுரத்தில் கழித்தார். அவருடைய சமாதி அவ்வூர் இலட்சுமிபுரத்தில் உள்ளது; தை மாத விசாகத்தில் குருபூசை நடைபெறும். மௌனகுருவின் பெயர் விளங்கும் மௌனமடம் நம் மலைக்கோட்டைப் பகுதியிலேயே இருக்கிறது. அடுத்த முறை உச்சிப்பிள்ளையாருக்குச் செல்லும் நண்பர்கள் அதையும் விசாரித்துப் பார்த்துவரலாம்.