டேவிட் தாம்சன்

வட அமெரிக்க ஆறுகளில் பீவர் என்னும் விலங்கு வாழ்கின்றது. அதன் மென்மயிரால் செய்த தொப்பிகளை ஐரோப்பியச் செல்வர் முற்காலத்தில் பெரிதும் விரும்பினர். அவ்விருப்பம் பெருவாணிகம் ஒன்றை வளர்த்தது. அவ்வாணிகத்தில் ஈடுபட்டும் நெறி பிறழாது வாழ்ந்தவர் டேவிட் தாம்சன்.

இவர் 1770-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்து, ஏழைச் சிறுவர்க்குரிய பள்ளியில் பயின்றார். பதினான்காம் வயதில் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியில் சேர்ந்து கனடா சென்றார். 1788-இல் கால் முறிந்து நெடுநாள் துன்புற்றார். ஆயினும் சோர்ந்திலர், விண்மீன்களை நோக்கி நிலத்தை அளக்கும் கலையைக் கற்றுத் தேர்ந்தார். ஒரு கண்ணின் பார்வை மங்கியபோதும் அக்கலையைக் கைவிட்டிலர். 1797-இல் வடமேற்குக் கம்பெனியில் சேர்ந்தார்.

வாணிகர் பலர் பழங்குடி மக்களுக்குச் சாராயம் கொடுத்துத் தோல்களைப் பெற்றனர். குடியால் குடும்பங்கள் சீரழிந்தன. இக்கொடுமை தாம்சனின் உள்ளத்தை வருத்தியது. 1808-இல் உடன்பங்காளிகளின் வற்புறுத்தலால் இரண்டு பீப்பாய்ச் சாராயத்தை மலைக்கு அப்பால் கொண்டுசெல்ல நேர்ந்தது. அவர் அவற்றை ஒரு முரட்டுக் குதிரையின்மீது ஏற்றினார். அது பாறைகளில் உராய்ந்து, நண்பகலுக்குள் பீப்பாய்களை நொறுக்கிவிட்டது! அதன்பின் தம் பொறுப்பிலிருந்த பகுதியில் அவர் சாராயத்தை நுழையவிட்டிலர்.

1811-இல் கொலம்பியா ஆற்றின் வழியே பசிபிக் மாகடலை அடைந்தார். 1814-இல் மேற்குக் கனடாவின் பெரும் நிலப்படத்தை வரைந்து முடித்தார். முதுமையில் வறுமையுற்று, 1857-இல் மறைந்தார். பொருள் அவரிடம் தங்கவில்லை. புகழோ இன்றும் நிலைத்து நிற்கின்றது.