பிழை காணாக் கண்கள்

கியூபா நாட்டின் தலைநகரான ஹவானாவில் 1888ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் பிறந்தவர் ஹோசே ரவுல் கபாபிளாங்கா. நான்கு வயதில், தந்தை சதுரங்கம் ஆடுவதை அருகிருந்து பார்த்தே அவர் ஆட்டத்தைக் கற்றார். தந்தை குதிரையை விதிக்கு மாறாக நகர்த்தியதைச் சுட்டிக்காட்டிய அச்சிறுவர், பின்னர் தந்தையையே வென்றார் என்பர். பிறர் பிழையைக் கண்ட அந்தக் கண்கள், தம் ஆட்டத்தில் பிழை நேராமல் காப்பதிலும் விழிப்புடன் இருந்தன.

1901ஆம் ஆண்டில் கியூபாவின் முன்னணி ஆட்டக்காரரான ஹுவான் கோர்சோவை வென்றார். நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோதும், அவருடைய நாட்டம் சதுரங்கத்திலேயே நிலைத்தது. 1909இல் அமெரிக்க வீரர் பிராங்க் மார்ஷலை வென்று புகழ்பெற்றார். 27 ஆண்டுகளாக உலக வாகையர் பட்டத்தைக் காத்துவந்த இம்மானுவேல் லாஸ்கரை, 1921இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வென்றார். 1916 முதல் 1924 வரை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் தோல்வியையே அறியாதிருந்தார்.

1927இல் போனஸ் அயர்ஸ் நகரில் அலெக்சாண்டர் அலெகினுடன் 34 ஆட்டங்கள் ஆடினார். மூன்றில் வென்று, ஆறில் தோற்றுப் பட்டத்தை இழந்தார். மறுபோட்டிக்கான வாய்ப்பு அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. 1942 மார்ச் 8ஆம் நாள் நியூயார்க்கில் மறைந்தார்.

வெவ்வேறு காலத்து வீரர்களுள் வல்லவர் யார் என்பதை வெற்றி தோல்விகளைக் கொண்டு மட்டும் கூற இயலாது. அவர்கள் ஒருவரோடொருவர் ஆடியதில்லை. ஆனால், அவர்களுடைய நகர்த்தல்கள் ஏட்டில் உள்ளன. சுலோவேனிய அறிஞர்களான மத்தேய் குயித், இவான் பிராட்கோ ஆகியோர், உலக வாகையர் போட்டிகளின் ஆட்டங்களைக் கணினியால் ஆராய்ந்து 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். கணினி தேர்ந்த சிறந்த நகர்த்தலுக்கும் வீரர் தேர்ந்த நகர்த்தலுக்கும் உள்ள மதிப்பு வேறுபாட்டைக் கணக்கிட்டுச் சராசரி கண்டனர். சராசரி குறையக் குறைய ஆட்டத்தின் துல்லியம் மிகும். 14 வாகையருள் மிகக் குறைந்த சராசரி கபாபிளாங்காவினுடையதே. அவர் மறைந்து 64 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த சிறப்பு இது.

எனினும், துல்லியம் மட்டுமே வலிமையாகாது. சிக்கலான நிலைகளில் பிழை எளிதில் நேரும். தெளிவான நிலைகளில் அது குறையும். கபாபிளாங்கா எளிமையான நிலைகளையே பெரிதும் விரும்பியவர். ஆகவே, அறிஞர்கள் நிலைகளின் சிக்கலையும் சேர்த்தே ஆராய்ந்தனர். எண்ணைக் காணும்போது, அது எத்தகைய சூழலில் பெறப்பட்டது என்பதையும் காண்பதே அறிவுடைமையாகும். அதே வேளையில், சிக்கலை எளிமையாக்கும் திறமும் ஓர் ஆற்றலே என்பதை அவருடைய வாழ்வு உணர்த்துகிறது.