தெருவில் நடக்கும் உரிமைக்கு வாதாடிய பேராசிரியர்

குழாய் பதிக்கத் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் சரியான தடுப்பு வைக்காமல் போய்விடுகிறார்கள். பார்வையற்ற ஒருவர் அதில் விழுந்து கால் முறிகிறது. நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டால், அவர் துணையில்லாமல் வெளியே வந்தது சரியா என்று கோர்ட்டு கேட்கிறது. அவரிடமும் அஜாக்கிரதை இருந்தது என்று முடிவானால் வழக்கு தள்ளுபடி. அமெரிக்காவில் நெடுங்காலம் இருந்துவந்த இந்த நிலையை எதிர்த்தவர் பேராசிரியர் ஜேகோபஸ் டென்புரூக்.

1911ல் கனடாவின் ஆல்பெர்ட்டா மாகாணத்தில் பிறந்தவர் அவர். ஏழாவது வயதில் அம்பு பட்டு ஒரு கண் போயிற்று. பதினான்கு வயதுக்குள் மற்றக் கண்ணிலும் பார்வை மறைந்தது. கலிபோர்னியாவில் பெர்க்கிலி நகரிலுள்ள பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஆசிரியராயிருந்த நியூவெல் பெர்ரியும் பார்வையற்றவரே. அவரது தூண்டுதலால் சர்வகலாசாலை சென்ற டென்புரூக், 1940ல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பார்வையற்றோர் தேசிய சம்மேளனத்தை அவர் நிறுவியதும் அதே ஆண்டில்தான். சிகாகோ சட்டக் கல்லூரியில் கற்பித்துவிட்டு, 1942ல் பெர்க்கிலிக்கே ஆசிரியராகத் திரும்பினார்.

சட்டத்தின் சமப் பாதுகாப்பைப் பற்றி ஜோசப் டஸ்மனுடன் சேர்ந்து 1949ல் அவர் எழுதிய கட்டுரை கடல் கடந்தும் புகழ் பெற்றது. 1974ல் அம்பிகா மில்ஸ் வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட்டும் அதை எடுத்தாண்டிருக்கிறது.

பள்ளத்தில் விழுந்தவர்களின் வழக்குகளை அவர் 1966ல் ஒரு நீண்ட கட்டுரையில் ஆராய்ந்தார். ஊனமுற்றோருக்கும் உலகில் நடமாடி வாழும் உரிமை உண்டு. அதை ஒப்புக்கொண்டால், பார்வையற்றவரும் இவ்வழியே வருவார் என்று எதிர்பார்த்துத் தடுப்பு வைக்க வேண்டியது பள்ளம் தோண்டியவரின் கடமை என்று வாதிட்டார். வீட்டோடு இருந்திருக்கலாமே என்று சொல்ல எவருக்கும் இடமில்லை என்பதே அவர் கட்சி.

வாதத்தோடு அவர் நிற்கவில்லை. மாநிலங்கள் பின்பற்றுவதற்காக வெள்ளைத் தடி மாதிரிச் சட்டம் ஒன்றையும் வகுத்தார். பார்வையற்றவர் தடியில்லாமல் நடந்தார் என்பதையே அவருடைய அஜாக்கிரதைக்குச் சாட்சியாகக் கொள்ளக்கூடாது என்று அதில் விதித்தார்.

1968 மார்ச் 27ல், 56வது வயதில், டென்புரூக் காலமானார். அந்த ஆண்டிலேயே கலிபோர்னியா மாநிலம் அவருடைய மாதிரியை ஒட்டிச் சட்டம் இயற்றியது. அவர் கேட்டது சலுகையல்ல; எல்லோரும் நடக்கும் தெருவில் தாமும் நடக்கும் உரிமையைத்தான்.